அப்பாவின் ரத்த ரிப்போர்ட் மோசமாக இருக்கிறது, எண்கள் இறங்கும் வரை காத்திருக்கலாமா?

வெள்ளகோவில்காரன் | ஞாயிறு, இரவு 10.15

வணக்கம்ங்க. ஐசியூ வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. 14 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை தோட்டத்தில் வெங்காயம் பட்டறை போட்டுக்கொண்டிருந்தவர், குளிர் நடுக்குகிறது என்று வந்து படுத்துவிட்டார். வலது விலாவுக்குக் கீழே வலி. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினார்கள். இன்று காலை எழுப்பினால், ஓடாத மோட்டாரை நிறுத்தச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தார். 108-ல் கோவைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

பிரஷர் 84/50. சிடி ஸ்கேனில் வலது சிறுநீரகக் குழாயில் 9 மில்லிமீட்டர் கல் அடைத்திருக்கிறதாம், மேலே சீழ் கட்டி நிற்கிறதாம். ரத்தத்தில்: வெள்ளையணு 21,400, பிளேட்லெட் 84,000, கிரியாட்டினின் 2.6 (ஆறு மாதம் முன்பு 1.1), பிலிருபின் 1.6, சிஆர்பி 212, புரோகால்சிட்டோனின் 46, லாக்டேட் 4.1.

இன்று ராத்திரியே ஸ்டென்ட் (அடைப்பைத் தாண்டி மூத்திரம் வடிய உள்ளே வைக்கும் மெல்லிய குழாயாம்) வைக்கவேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். பெரிய மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ரத்தமெல்லாம் இப்படிக் கெட்டுக் கிடக்கையில் எதுக்கு ஆபரேசன்? ரெண்டு நாள் மருந்து ஏத்தட்டும், நம்பர் எறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அம்மாவும் அவர் பக்கம்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த எண்களெல்லாம் என்னதான் சொல்கின்றன?


தாராபுரம் பங்காளி | 10.24

பிளேட்லெட் 84,000 என்றால் டெங்குவாகவும் இருக்கலாமே? எங்கள் பக்கம் இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. நிலவேம்பு கொடுத்துப் பார்த்தீர்களா?


ஐசியூ இரவுப்பணி | 10.33

தம்பி, முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். நான் நேரில் பார்க்கவில்லை, உங்கள் டாக்டர்கள் சொல்வதுதான் முடிவு. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர்கள் அவசரப்படுவது சரி.

மாமா நினைப்பது நம் ஊரில் பலர் நினைப்பதுதான். சர்க்கரை 400 இருக்கும்போது கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள் அல்லவா, அதே கணக்கை இங்கேயும் போடுகிறார். இங்கே கணக்கு தலைகீழ். எண்கள் கெட்டுப்போனதற்குக் காரணமே அந்த அடைப்புதான். சீழ் அழுத்தத்தோடு உள்ளே நிற்கிறது, கிருமியும் அதன் நஞ்சும் ரத்தத்துக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. அடைப்பை விடுவிக்காமல் எண் இறங்கக் காத்திருப்பது, மதகை மூடி வைத்துவிட்டு வயலில் தண்ணீர் வடியவில்லையே என்று பார்ப்பது மாதிரி.

இது என் தனிக் கருத்தும் இல்லை. கல் அடைத்துச் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் கெடும் நிலை) ஆனவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2013-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அடைப்பை விடுவிக்காதவர்களில் 19 சதவீதம் பேர் இறந்தார்கள், விடுவித்தவர்களில் 9 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பிளேட்லெட் 84,000-ஐப் பார்த்துப் பயந்தால், ஸ்டென்ட் சிறுநீர்த் துவாரம் வழியாகவே போகிறது, முதுகில் துளை போடுவதில்லை. ரத்தக் கசிவு பயம் இருக்கிறவர்களுக்கு ஸ்டென்ட் வழியைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள்.

பங்காளி, டெங்குவிலும் பிளேட்லெட் இறங்கும், நீங்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் டெங்குவில் வெள்ளையணு பெரும்பாலும் குறையும். இவருக்கு 21,400. ஸ்கேனில் சீழும் தெரிகிறது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.


வெள்ளகோவில்காரன் | 10.52

போட்டுவிட்டேன்ங்க. மாமா கோபித்துக்கொண்டு கீழே போய்விட்டார். தியேட்டருக்குக் கூட்டிப்போகிறார்கள்.


லேப் அக்கா ஈரோடு | 11.05

நல்லபடியாக வருவார் கண்ணு. காத்திருக்கும் நேரத்தில் எண்களைச் சொல்கிறேன், மனசு கொஞ்சம் வேறு பக்கம் போகும். 22 வருடமாக லேபில் இருக்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் ஜனங்கள் தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பார்கள், அதுதான் என் வருத்தம்.

சிஆர்பி கல்லீரலில் உண்டாகும் புரதம். 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஏறும். கிருமியா, அடிபட்டதா, முடக்குவாதமா என்று அதற்குத் தெரியாது. ஏறுவதும் மெதுவாகத்தான். தொடங்க ஆறு மணி நேரம், உச்சிக்குப் போக ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள்.

புரோகால்சிட்டோனின் அதைவிட வேகம். பாக்டீரியா தொற்றில் ஏறுகிறது என்று 1993-ல் பிரான்சில் கண்டார்கள். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஒரு நாளைக்குள் உச்சியைத் தொடும். 0.5-க்குக் கீழே என்றால் பெரிய தொற்று இருக்க வாய்ப்புக் குறைவு, 2-க்கு மேல் என்றால் கவலை, 10-க்கு மேல் என்றால் பெரும்பாலும் கடுமையான செப்சிஸ். மூத்திரப் பாதையில் அதிகம் வருவது ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரியான கிராம் நெகட்டிவ் கிருமிகள். அவற்றுக்கு இந்த எண் மற்றவற்றைவிட அதிகமாக ஏறும். அப்பாவின் 46-ஐ அப்படித்தான் பார்க்கவேண்டும்.

முக்கியமாக ஒன்று: அலகைப் பாருங்கள். சில லேபில் சிஆர்பியை லிட்டருக்கு மில்லிகிராமில் கொடுப்பார்கள், சில லேபில் டெசிலிட்டருக்கு. பத்து மடங்கு வித்தியாசம். காலையில் ஒரு லேபில் 212, சாயங்காலம் வேறு லேபில் 22 என்று வந்ததும் குறைந்துவிட்டது என்று கோயிலுக்குப் போய் வந்த குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். உண்மையில் ஏறியிருந்தது. லாக்டேட்டுக்கும் இப்படி உண்டு. 4.1 மில்லிமோல் என்பதும் 37 மில்லிகிராம் என்பதும் ஒன்றுதான்.


ஐசியூ இரவுப்பணி | 11.28

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிஆர்பியும் புரோகால்சிட்டோனினும் தீ எவ்வளவு பெரிது என்று சொல்பவை. வீடு எவ்வளவு எரிந்திருக்கிறது என்று சொல்பவை வேறு.

2016-லிருந்து செப்சிஸ் என்பதற்கு விளக்கம் இதுதான்: தொற்றுக்கு உடம்பு தாறுமாறாக எதிர்வினை காட்டி, அதனால் உறுப்புகள் கெடத் தொடங்குவது. உறுப்புகளை அளக்க சோஃபா என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. தொற்று இருப்பவருக்கு அது 2 புள்ளி ஏறினாலே செப்சிஸ். அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். பிளேட்லெட்டுக்கு 2, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினுக்கு 2, கல்லீரலைக் காட்டும் பிலிருபினுக்கு 1, பிரஷருக்கு 1, குழப்பமான பேச்சுக்கு 1. ஆகமொத்தம் 7. மூச்சின் கணக்கு தெரியாததால் அதைச் சேர்க்கவில்லை.

கவனித்தீர்களா? அந்த மதிப்பெண்ணில் சிஆர்பி கிடையாது, புரோகால்சிட்டோனின் கிடையாது, வெள்ளையணுவும் கிடையாது. எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்பது அந்த மூன்றைத்தான். "கிரியாட்டினின் லேசாகத்தான் ஏறியிருக்கு, பரவாயில்லையா" என்று போகிறபோக்கில் கேட்பார்கள். பயப்பட வேண்டியது அந்த எண்ணுக்கு.

லாக்டேட் இன்னொரு வகை. திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ஏறும். 2-க்கு மேல் கவலை, 4 என்றால் அபாயம். சலைன் ஏற்றியும் பிரஷரைத் தாங்க நார்அட்ரினலின் தேவைப்பட்டு, லாக்டேட்டும் 2-க்கு மேல் நின்றால் அதுதான் செப்டிக் ஷாக். அங்கே இறப்பு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டும். மெட்ஃபார்மினும் சேர்ந்து ஏற்றியிருக்கலாம், கிரியாட்டினின் கூடியவர்களுக்கு அது உடம்பில் தேங்கும். ஆனால் மாத்திரையால்தான் என்று சொல்லி 4.1-ஐ ஒதுக்கிவிடக் கூடாது.


தாராபுரம் பங்காளி | 11.40

அப்படியென்றால் புரோகால்சிட்டோனின் எதற்கு டாக்டர்? விலை அதிகமான டெஸ்ட். சாதாரண ஜனங்களுக்கு எழுதித் தருகிறார்களே.


ஐசியூ இரவுப்பணி | 11.49

நியாயமான கேள்வி. ஆன்டிபயாடிக் தொடங்கலாமா வேண்டாமா என்பதை அந்த டெஸ்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றுதான் 2021-ல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி சொல்கிறது. ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போகவேண்டும், ரிப்போர்ட்டுக்கு நிற்க முடியாது. அதன் பயன் பின்னால் வரும். மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று பார்க்க உதவும். என் கைக்காசு என்றால் முதல் நாள் அதற்குக் கொடுப்பதை பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு, கொடுப்பேன்.


லேப் அக்கா ஈரோடு | 11.58

இதில் டாக்டரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. முதல் நாள் எண் கையில் இல்லாவிட்டால் ஆறாம் நாள் எதிலிருந்து குறைந்தது என்று எப்படிச் சொல்வது? அப்புறம் சின்ன ஊர் கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்ஷன் என்று உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 20, 30 என்று வந்தால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று அந்த எண்தான் சத்தம் போடும். அப்படி அனுப்பிப் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும்.


ஐசியூ இரவுப்பணி | ஞாயிறு, நள்ளிரவு 12.06

சரி அக்கா, கிளினிக்கிலிருந்து அனுப்பும் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். எண் குறைவாக வந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது, என் பயம் அதுதான்.


கோபி வாய்க்கால்கரை | 12.20

படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. போன ஐப்பசியில் எங்கள் அம்மாயிக்கு நடந்தது இது. 74 வயது. காய்ச்சலே இல்லை, உடம்பு சில்லென்று இருந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, சுற்றிச் சுற்றிப் படுத்தே கிடந்தது. ஒரு இடத்தில் காட்டினோம். வெள்ளையணு 2,900, சிஆர்பி 38. "இன்ஃபெக்ஷன் பெரிசா இல்லை, வயசான அசதி" என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் எண்கள் குறைவு என்று நிம்மதியாகத் தூங்கினோம். விடிகாலையில் மூச்சு வாங்கியது. மறுநாள் சாயங்காலம் அம்மாயி போய்விட்டது. மூத்திரத்திலிருந்து ரத்தத்துக்குப் பரவிய கிருமி என்றார்கள்.

2,900 என்பது நல்லதா கெட்டதா என்று அன்று ஒருவராவது சொல்லியிருந்தால்.


ஐசியூ இரவுப்பணி | 12.41

மன்னியுங்கள், படித்ததும் மனசு கனத்துப்போனது. 4,000-க்குக் கீழே போன வெள்ளையணு 12,000-க்கு மேல் போனதைப் போலவே அபாய அறிகுறி. பல நேரம் அதைவிட மோசம். இருந்த படையெல்லாம் திசுக்களுக்குள் போய்விட்டது, எலும்பு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமல் உடம்பு குளிர்வதும் அப்படித்தான். 38 சிஆர்பி என்பது ஏறுவதற்கு முன் எடுத்த எண்ணாக இருந்திருக்கலாம். நீங்கள் செய்த தப்பு இல்லை இது.


சிஸ்டர் பொள்ளாச்சி | 12.55

ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள், 22 அல்லது அதற்கு மேல் போனால் கிளம்பிவிட வேண்டும். பேச்சு குழம்பினால் கிளம்பிவிட வேண்டும். விரல் நுனியைப் பத்து நொடி அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் மூன்று நொடிக்குள் சிவக்கவேண்டும். ஐசியூவில் லாக்டேட்டோடு சேர்த்து இதையும் பார்க்கிறோம், 2021 வழிகாட்டியிலும் இருக்கிறது. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டப்ரலால் சாப்பிடுகிறவர்களுக்கு நாடி ஏறாமல் ஏமாற்றும். மூத்திரம் ஆறு மணி நேரமாக வரவில்லை என்பதை மட்டும் யாரும் அலட்சியம் செய்யாதீர்கள்.


வெள்ளகோவில்காரன் | திங்கள், காலை 6.10

எல்லாருக்கும் கும்பிடு. ஸ்டென்ட் வைத்ததும் சீழ் கஞ்சி மாதிரி வந்ததாம். நாலரை மணிக்கு எடுத்த லாக்டேட் 2.6. பிரஷரை ஏற்றிப் பிடிக்கும் மருந்து குறைந்த அளவில் ஓடுகிறது. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமா விடிய விடிய வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.


லேப் அக்கா ஈரோடு | 6.32

4.1-லிருந்து 2.6. ஆறேழு மணி நேரத்தில் இது நல்ல இறக்கம் கண்ணு. காபி குடித்தீர்களா?


வெள்ளகோவில்காரன் | திங்கள், மாலை 5.20

மறுபடி பயமாக இருக்கிறது. மத்தியானம் எடுத்ததில் சிஆர்பி 268, புரோகால்சிட்டோனின் 71, பிளேட்லெட் 61,000. எல்லாமே மோசமாகிவிட்டன. ஸ்டென்ட் வைத்ததால்தான் என்கிறார் மாமா. ஆனால் ஆள் தெளிவாக இருக்கிறார், இட்லி கேட்கிறார்.


ஐசியூ இரவுப்பணி | 5.44

லாக்டேட்? மூத்திர அளவு? பிரஷர் மருந்து?


வெள்ளகோவில்காரன் | 5.51

லாக்டேட் 1.7. மூத்திரம் மணிக்கு 60 மில்லி என்றார்கள். பிரஷர் மருந்தை மதியம் நிறுத்திவிட்டார்கள். கிரியாட்டினின் 2.2.


ஐசியூ இரவுப்பணி | 6.05

அப்படியானால் அப்பா தேறிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேகம் இருக்கிறது. லாக்டேட் மணிக்கணக்கில் நகரும், மூத்திர அளவும் அப்படித்தான். புரோகால்சிட்டோனின் பாதியாகக் குறைய ஒரு நாள் ஆகும், சிறுநீரகம் சோர்ந்திருந்தால் இன்னும் கூட. சீழை வடிக்கும்போது கொஞ்சம் கிருமி ரத்தத்தில் கலப்பதும் உண்டு, அதனால் ஒரு எகிறு எகிறும். சிஆர்பி நேற்று நடந்ததைத்தான் இன்று சொல்கிறது. பிளேட்லெட் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தேறும். இறங்கி, நின்று, பிறகு ஏறும்.

நாளைக்கும் சிஆர்பி இதே அளவில் இருந்தாலும் கலங்க வேண்டாம். மூன்றாம் நாளுக்கு மேலும் இறங்காமல், காய்ச்சலும் விடாமல் இருந்தால் அப்போது யோசிப்போம். ஸ்டென்ட் நகர்ந்ததா, சிறுநீரகத்தைச் சுற்றிச் சீழ் கட்டி இருக்கிறதா, மருந்து கிருமிக்குக் கேட்கவில்லையா என்று. சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகத்தில் வாயு கட்டும் ஒரு கொடிய தொற்றும் உண்டு. பிளேட்லெட் குறைவு, ஷாக், நினைவு தடுமாற்றம், சிறுநீரகச் செயலிழப்பு நான்கும் அங்கே கெட்ட சகுனம் என்று 2000-ல் தைவான் மருத்துவர்கள் எழுதினார்கள். உங்கள் சிடியில் வாயு பற்றிச் சொல்லாததால் அது இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். கேட்டுவிடுங்கள்.


லேப் அக்கா ஈரோடு | 6.30

61,000-ஐ ஸ்மியரில் (கண்ணாடியில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில்) கண்ணால் பார்த்து உறுதி செய்தார்களா என்றும் கேளுங்கள். சிலருக்கு ஊதா மூடி டியூபில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் குறைவாக எண்ணிவிடும். லாக்டேட்டிலும் இப்படி மோசம் போகலாம். கையை இறுக்கக் கட்டி, முஷ்டியை மடக்கச் சொல்லி எடுத்தால் ஏறும். டியூபை வெயிலில் பைக்கில் ஒரு மணி நேரம் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். சாம்பல் மூடி டியூபில், ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். ஐசியூ மெஷினில் உடனே போட்டால் இந்தத் தொல்லை இல்லை.


வெள்ளகோவில்காரன் | 7.15

வாயு இல்லை என்று டாக்டரே சொன்னார். ஸ்மியரும் பார்த்தார்களாம், உண்மையான குறைவுதான். உங்கள் பதிலை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ மூத்திரம் எவ்வளவு போச்சுன்னு நான் எழுதி வைக்கிறேன்" என்று நோட்டு வாங்கப் போயிருக்கிறார்.


பல்லடம் தறி | செவ்வாய், காலை 9.40

எங்கள் ஷெட்டில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், கழிப்பறை தூரம், சுத்தமும் இல்லை. ஆண்களிலும் கல் இல்லாதவர் குறைவு. இந்த இழையைக் காலையில் டீ நேரத்தில் சத்தமாகப் படித்தேன். குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் சேர்ந்து வந்தால் விடுமுறை கேட்காமலே கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.


வெள்ளகோவில்காரன் | வெள்ளி, இரவு 8.30

பிளட் கல்ச்சரிலும் யூரின் கல்ச்சரிலும் ஈ.கோலை. சாதாரண மருந்துகளுக்குக் கேட்காத வகையாம், முதல் நாளே மெரோபெனம் போட்டது நல்லதாகப் போனது. இன்று பிளேட்லெட் 1,18,000, கிரியாட்டினின் 1.5, சிஆர்பி 84, புரோகால்சிட்டோனின் 9.4. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.


லேப் அக்கா ஈரோடு | 8.47

71-லிருந்து 9.4. உச்சியிலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. மருந்தை நிறுத்துவதைப் பற்றி யோசிக்க அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள், இல்லையா டாக்டர்?


ஐசியூ இரவுப்பணி | 9.02

ஆமாம் அக்கா, அல்லது 0.5-க்குக் கீழே வரவேண்டும். ஆளும் தேறியிருக்க வேண்டும். ரத்தத்தில் கிருமி வளர்ந்தவர் என்பதால் எத்தனை நாள் என்பதை அங்கே உள்ளவர்களே முடிவு செய்யட்டும். உச்சி 71 என்று தெரிந்ததால்தான் இந்தக் கணக்கே போட முடிந்தது, அன்று நீங்கள் சொன்னது சரி.

தம்பி, டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் வைத்த தேதியைப் பெரிதாக எழுதி வாங்குங்கள். வலி போனதும் அது உள்ளே இருப்பதையே மறந்துவிட்டு, வருடக்கணக்கில் கழித்துக் கல் படிந்த ஸ்டென்ட்டோடு வருகிறார்கள்.


வெள்ளகோவில்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை

அப்பா தோட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார், கைத்தடியோடு. கிரியாட்டினின் 1.2, சிஆர்பி 4. கல்லை எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள், அன்றே ஸ்டென்ட்டையும் பார்ப்பார்களாம். அதற்கு முன் புரோகால்சிட்டோனின் மறுபடி எடுத்துவிடட்டுமா என்று மாமா கேட்கிறார். இப்போது எல்லா எண்ணும் அவருக்கு மனப்பாடம்.


ஐசியூ இரவுப்பணி | ஞாயிறு மதியம்

வேண்டாம். நன்றாக நடமாடுகிறவருக்கு அது எதையும் புதிதாகச் சொல்லாது. கல் எடுப்பதற்கு முன் யூரின் கல்ச்சர் கட்டாயம். போன முறை வந்த கிருமி இன்னும் இருந்தால் அதற்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் தொடவேண்டும். அதைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.


வெள்ளகோவில்காரன் | திங்கள் காலை

இன்று சாம்பிள் கொடுத்துவிட்டோம். வியாழக்கிழமை ரிசல்ட் என்றார்கள், வந்ததும் இங்கே போடுகிறேன்ங்க.